அவர் சுற்றிய நாடா

வண்டியின் சத்தம் மாறிவிட்டது என்று கொழுந்தன் சொன்னான். என் கணவர் போனபிறகு அவருடைய பைக்கை அவன்தான் வேலைக்கு எடுத்துப் போகிறான். எனக்கும் அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வண்டி பட்டறைக்குப் போகும். போனால் சைலன்சர் குழாயில் சுற்றியிருக்கும் நாடாவை அறுத்து எறிவார்கள். அது அவர் கையால் சுற்றியது. அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று, அலமாரியை ஒழித்தாயிற்று. அவர் இழுத்துக் கட்டிய இறுக்கம் அப்படியே மிச்சமிருந்தது அந்தக் குழாயில் மட்டும்தான்.

ஒருமுறை வண்டியிலிருந்து இறங்கும்போது அந்தக் குழாய் என் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. அவர் மருந்து தடவிக்கொண்டே, "வண்டிக்கும் உன்மேல ஒரு கண்ணு. நான் கெடந்து காவல் காக்க வேண்டியிருக்கு" என்றார். எரிச்சலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே சூடு வெளியே வராமல் தடுக்கும் நாடாவை வாங்கி வந்து, வாளியில் ஊறப்போட்டு, வீட்டுப் பக்கச் சந்தில் வைத்துச் சுற்றினார். நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். முதன்முதலில் எஞ்சினை ஓட்டியபோது நாடா புகைந்த புகையில், பக்கத்து வீட்டுக்காரர் என்ன கருகுகிறது என்று எட்டிப் பார்த்தார். சோறு இல்லை, சோறு ஆக்குகிறவள் கால்தான், அதுவும் போன வாரமே கருகிவிட்டது என்று இவர் பதில் சொன்னார்.

கடைசியில் கொழுந்தன் என்னையும் கூட்டிக்கொண்டுதான் பட்டறைக்குப் போனான். என் கணவரும் ரேடியோ அண்ணனும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. ஓயாமல் பேசுவதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். எங்களைப் பார்த்ததும் மழை, பெட்ரோல், தன் பல்வலி என்று ஒரு சுற்று ஒலிபரப்பி முடித்தார். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது, நாடாவை எடுத்தே ஆகவேண்டும் என்று கத்தியை எடுத்தார்.

அறுக்க வேண்டாம், நானே பிரிக்கிறேன் என்றேன். அவர் கொழுந்தனைப் பார்த்தார். பிறகு பின்முனையில் நாடாவை இறுக்கியிருந்த கம்பிப்பட்டையை மட்டும் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இரண்டு சுற்று பிரித்திருப்பேன். ரேடியோ அண்ணன் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது யாரு சுத்துனது தங்கச்சி?"

"அவருதான்."

"இருக்காதே. பின்னாலேருந்து சுத்திக்கிட்டு முன்னால வரணும். கூரைக்கு ஓடு கீழேருந்துதானே வேய்வோம்? அப்பத்தான் தண்ணி மேலயே வழிஞ்சு ஓடும். இது எஞ்சின் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கு. ஒவ்வொரு மடிப்பும் வாயப் பொளந்துகிட்டு மழைத்தண்ணியக் குடிச்சிருக்கு. இதுக்காக என்னையே எத்தனை தடவை திட்டியிருக்கார் தெரியுமா?"

தன் அண்ணனுக்கு அன்றைக்கு என்ன ஞாபகமோ என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. பின்சக்கரம் நல்ல வெயிலில் நின்றது. எஞ்சின் பக்கம் மட்டும்தான் சுவரின் நிழல். புண்ணில் வெயில் பட்டால் எனக்கு உயிர் போகும். ஈர நாடாவோடு அவர் முதலில் பின்பக்கம்தான் போனார். அங்கே நின்று என் காலைப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்டூலை நிழலில் போட்டார். "இங்கேருந்தே ஆரம்பிப்போம். நீ இத மட்டும் பிடி" என்றார். அடுத்த சுற்று முனைமேல் ஏறி அமுக்கும் வரைக்கும் நான் கட்டைவிரலால் பிடித்திருந்தேன். அவ்வளவுதான் என் வேலை.

தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஒரு மழைக்காலம் தாங்கட்டும், பிறகு பிரித்து ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். சுற்றுவதற்குத் தான் இருக்க மாட்டோம் என்று யார்தான் நினைக்கிறார்கள்.

"பின்பக்கம் வெயில் அண்ணே. எனக்குக் கால் புண்ணு" என்றேன்.

ரேடியோ அண்ணன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தையும் பிரித்தேன். உள்ளே போகப் போக நாடா முழுசாக வரவில்லை. பிய்ந்து, பொடிந்து, துருவோடு சேர்ந்து மடியில் உதிர்ந்தது. அடியில் குழாய் அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தது. நான் கட்டைவிரல் வைத்த இடம் எதுவென்று தேடினேன். எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது.

புதுக் குழாய் போட்டுவிடலாம் என்று ரேடியோ அண்ணன் மெதுவாகச் சொன்னார். "நாடா வேணாம்ல தங்கச்சி? தம்பி தனியாத்தான ஓட்டுது. பின்னால யாரு..."

வேண்டாம் என்றேன்.

அது கண்ணாடி நார், கையில் ஏறியிருக்கும், உடனே அலசாவிட்டால் அரித்துத் தள்ளிவிடும் என்றார். கொழுந்தன் ஓடிப்போய் மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, "அண்ணி, வாங்க" என்று கூப்பிட்டான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரலில்தான் முதலில் அரிக்கத் தொடங்கியது.