லெப்பாயோகியின் சிவப்புக் கோடு

ரெய்யோ கையில் எடுத்த புதுக் கத்தி, எடுத்த கணத்திலேயே துருப்பிடித்தது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. லெப்பாயோகியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவன் அப்பா தொட்டுக் கோடரி துருப்பிடித்ததையும் பார்த்த ஊர்தான் இது. ஆனால் எல்லோரும் பயந்தோம். துரு வந்து சில வருஷத்தில் நடை கோணும், பிறகு நாக்கு குழறும், நாற்பதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ரெய்யோ முப்பத்திரண்டிலேயே போய்விட்டான்.

போவதற்கு முன் கைத்தோலில் ஒரு துணுக்கை நகரத்து ஆய்வகத்துக்குக் கொடுத்திருந்தான். அங்கே கைசு என்ற ஆராய்ச்சியாளர் அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, நரம்பாக வளர்க்கப் பார்த்தார். பதினோராம் நாள்வரை ஒழுங்காக வளரும். அப்புறம் பயந்த பிள்ளைபோல் பாதியில் நின்றுவிடும். செல்லுக்குள் இரும்பு சேர்கிறது, செல் இழுக்கும் மூச்சே அதை உள்ளிருந்து எரிக்கிறது என்று ரெய்யோவின் மனைவி ஹில்க்காவுக்குக் கைசு கடிதம் எழுதினார். செல்களை வைத்த எஃகுப் பெட்டியின் கீல்களை இரண்டு முறை மாற்றியாயிற்று என்றும் அதிலேயே எழுதியிருந்தார்.

மகள் சைமிக்கும் அந்த நோய் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். ஹில்க்கா மறுத்துவிட்டாள். வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் வெளியேற்றினாள். பள்ளிக்கு மரக்கரண்டி கொடுத்தனுப்பினாள். குளிர்காலம்தான் வில்லங்கம். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளையெல்லாம் அடியில் எஃகுத் தகடு வைத்த ஷூ மாட்டிப் பனியில் ஸ்கேட்டிங் போகும். சைமிக்கு மட்டும் காதுவலி என்று ஹில்க்கா சீட்டு எழுதுவாள். ஆறு குளிர்காலம், ஒரே காதுவலி.

ஏழாம் குளிர்காலத்தில் சைமி, பனித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் உர்ஹோவிடம் போய் நின்றாள்.

"என்ன, காதுவலி காலுக்கு எறங்கிடுச்சா?"

"எனக்கு வலிச்சதே இல்ல மாமா. ஒரு ஜோடி ஷூ குடுங்க."

அவள் தளத்தின் நடுவே குறுக்காகப் போனாள். பின்னால் பனியில் துருச் சிவப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது. கையில் மாவோடு ஓடிவந்த ஹில்க்கா அதைப் பார்த்தாள்.

"ஐயோ, கழட்டுடி! கழட்டித் தொலைடி!"

"அதான் தெரிஞ்சுபோச்சேம்மா. இனிமே என்னத்த ஒளிச்சு வைக்கப்போற? வெளையாடிக்கிறேனே."

ஹில்க்கா பனியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உர்ஹோதான் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹாக்கிக்கு நடுக்கோடு போடச் செவப்புப் பெயின்ட் வாங்கணும்னு இருந்தேன். எந்திரிம்மா, குளிருது."

அதிலிருந்து வருஷாவருஷம் சைமிதான் நடுக்கோடு போடுகிறாள். உர்ஹோ சனிக்கிழமைதோறும் அவள் ஷூத் தகட்டின் துருவைத் தேய்த்துக் கொடுக்கிறார். அவளுடைய தோலிலிருந்து வளர்த்த செல்கள் பதினான்காம் நாள்வரை போகின்றனவாம். அதற்கு மேல் கைசு ஒன்றும் சொல்லவில்லை. கோடு போட்டதும் ஹில்க்கா ஒரு முனையில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். நாலு வருஷம் கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தது.

ஐந்தாம் வருஷம், பாதியைத் தாண்டியதும் ஒரு சாண் வளைந்திருந்தது. ஹில்க்கா மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. ஆட வந்த பக்கத்து ஊர்க்காரன்தான் கேட்டான்:

"என்னய்யா, கோடு கோணலா கெடக்கு?"

"இந்த ஊர்ல கோடு அப்படித்தான்" என்றாள் ஹில்க்கா. "ஆடறதுன்னா ஆடு."

அந்தக் கோட்டின்படியே ஆடினார்கள். இந்த வருஷமும் அப்படித்தான். வளைவு இரண்டு சாண்.