ஊரெல்லாம் அவரு மூஞ்சி

எங்க வீட்டுக்காரரு ஜெயபாண்டி காணாமப் போயி ஏழு மாசம் ஆச்சு. ஆனா போன மாசம் பூரா திருப்பூர்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் அவரு மூஞ்சிதான். எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனப்பீங்க. பிடிச்சிருந்தாத் தேவல.

நான் சித்ராதேவி. சொந்த ஊரு அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் திருப்பூர் வந்து மண்ணரையில குடியேறி பதினோரு வருசம். அவரு பனியன் கம்பெனியில துணி வெட்டுற கட்டிங் மாஸ்டர், நான் அதே கம்பெனியில செக்கிங். தைச்சு வர்ற பனியனைப் புரட்டிப் பாத்து, ஓட்டையோ கறையோ இருந்தா அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கி ஓரமாப் போடணும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது. போன வருசம் வண்டியில இருந்து விழுந்து இவருக்குத் தலையில அடி. அதுக்கப்புறம் ஞாபகம் வரும், போகும். ஒருநாக் காலையில பால் பாக்கெட் வாங்கப் போனவரு திரும்பலை.

போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். பேப்பர்ல நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனேன், பேஞ்ச மழையில அத்தனையும் கூழாப் போச்சு. எங்க தெருவுல பிரிண்டிங் பட்டறை வச்சிருக்கற திருமூர்த்தி அண்ணன்தான், "ஏனுங்க அம்மிணி, வேஸ்ட் பனியன் துணியில அடிச்சுக் கட்டிப்போடலாமுங்க. மழைக்கு ஒண்ணும் ஆவாதுங்க"ன்னாரு. வெள்ளைத் துணி, கறுப்பு மை. மேல அவரு மூஞ்சி, நடுவுல பெருசா "இவரைக் கண்டீர்களா?", அடுத்து என் நம்பர். அதுக்குக் கீழ பொடி எழுத்துல காணவில்லைன்னு போட்டு பேரு, வயசு, தலையில அடிபட்ட விவரம் எல்லாம்.

பனியன் துணியில பொடி எழுத்து நிக்காது, மை பரவி அடைச்சுக்கிரும். இங்க தொழில் பண்ணுற எல்லாருக்கும் அது தெரியும். "எழுத்து அப்பிக்கிச்சுங்க, திருப்பி அடிக்கட்டுங்களா?"ன்னு அண்ணன் கேட்டாரு. "மூஞ்சி நல்லா விழுந்திருக்குல்லண்ணே, போதும்"னுட்டேன். மாசக்கணக்காப் பாக்காத மூஞ்சி. அதைத் தவிர வேற எதுவும் என் கண்ணுக்குத் தெரியலை. ஊரான் பனியன்ல ஊசிமுனைக் கறையைக் கண்டுபிடிக்கிறவ, எம்புருசன் துணியில கோட்டை விட்டுட்டேன்.

முந்நூறு துணியை முதலிபாளையம் எஸ்டேட் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கட்டுனோம். அந்த வாரம் பாத்தா ஒரு படத்தோட டீசர் வந்து தொலையணும்? படத்துக்குப் பேரு கெடையாது, நடிகன் மூஞ்சி கெடையாது, தேதி கெடையாது. ஆளில்லாத ரோட்டுல ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். "அவன் எங்க?"ன்னு ஒரு குரல் கேக்குது. முப்பத்தெட்டு செகண்டு, அம்புட்டுதான். அதை நிறுத்தி நிறுத்திப் பாத்து, அவன் செருப்பு எந்தக் காலத்துச் செருப்பு, நெழல் ஏன் எடப்பக்கம் விழுதுன்னு மணிக்கணக்கா வீடியோ போட்டானுக, வேலைவெட்டி இல்லாத பயலுக. அதுல ஒருத்தன் கண்ணுல எங்க துணி பட்டிருச்சு. டீசர் "அவன் எங்க?"ன்னு கேக்குதாம், துணி "இவரைக் கண்டீர்களா?"ன்னு திருப்பிக் கேக்குதாம். பனியன் ஊருல துணியிலயே வெளம்பரம், என்னா மூளைன்னு ஒரே புகழ்ச்சி. அப்பிக் கெடந்த பொடி எழுத்து ரகசியக் குறிப்பாம். கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பானுக.

மொத போன் காலையில டீ டயத்துல வந்துச்சு. ஓடிப்போய் எடுத்தேன். கொஞ்ச நேரம் வெறும் மூச்சுச் சத்தம். அப்புறம் மெதுவா, "அவன் எங்க?"ன்னு கேட்டுட்டு வச்சாச்சு. அன்னைக்கு மட்டும் நூத்திப் பதினேழு போன். ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், பச்சப்புள்ளைக் குரல், எல்லாத்துக்கும் ஒரே கேள்வி. நான் நித்தம் சாமிகிட்டக் கேக்குறதை எங்கிட்டயே கேட்டானுக.

"தம்பி, அது எம்புருசன்யா, படம் இல்லய்யா"ன்னு அழுதேன். அதைப் பதிவு பண்ணிப் போட்டு, "நடிப்பு மெரட்டல்"னு எழுதுனான் ஒருத்தன். திருமூர்த்தி அண்ணன் அந்தப் படக் கம்பெனிக்கு வெவரமா எழுதிப் போட்டாரு. பதில் வரலை. எங்க துணியோட போட்டோவைத்தான் அவுக நெட் பக்கத்துல போட்டு, கீழ மூணு புள்ளி வச்சிருந்தாக. எரியிற வீட்டுல பிடுங்குனது லாபம். கம்பத்துல இருந்த துணியெல்லாம் ஒரே வாரத்துல காணோம். ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டானுகளாம். நம்பரை மாத்துன்னு எல்லாரும் சொன்னாக. எப்படி மாத்துவேன்? நெசமான போன் வந்தாலும் அதுலதானே வரணும்.

திருப்பூர்ல ஒரு மூஞ்சி பேர் வாங்குனா மறுநாளே அது பனியன்ல ஏறிரும். இவரு மூஞ்சி என் நம்பரோட ஏறிருச்சு. பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல அவரு எனக்கு நேரா நடந்து வர்றாரு. நிமுந்து பாத்தா மேல வேற தலை. டீக்கடையில, கோயில் வாசல்ல, பஸ்ஸுல முன்சீட்டுக்காரன் முதுகுல. எங்க கம்பெனிக்கே அந்த ஆர்டர் வந்துச்சு. என் மேசையில அவரு மூஞ்சி அடுக்கு அடுக்கா. சூப்பர்வைசர் என்னைப் பாக்காம, "ஆர்டரும்மா"ன்னாரு. மூக்குல மை பரவுன ஒரு பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுனேன். அடுத்ததை எடுக்கக் கை வரலை, எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

செவ்வாக்கிழமை மத்தியானம் ஒரு போன். "அம்மிணி, நானு மூலனூரு ஆறுச்சாமிங்க. இந்தப் பனியன்ல இருக்கற ஆளு எங்க முருங்கக்கா மண்டியில மூட்டை தூக்கறாருங்க."

எங்க கெணத்துக்குள்ள இருக்காரு, எங்க மாடியில நிக்கிறாருன்னு அதுக்கு முன்னாடி எத்தனை பேரு வெளையாடிட்டானுக. "வெளங்காமப் போயிருவ, உங்கப்பன் காணாமப் போனாத் தெரியும்"னு வஞ்சுட்டு வச்சுட்டேன்.

மறுநாக் காலையில அதே மனுசன். "கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் கேட்டுப்போட்டு வெய்யுங்க. சாக்கை வெட்டச் சொன்னாக்கூட அவரு ரெண்டு வெரலு எடம் சேத்து உட்டுத்தானுங்க வெட்டறாரு. ஏனுங்கன்னு கேட்டா, தையலுக்கு வேணுமேங்கறாரு."

தைக்க எடம் விடாம எம்புருசன் எந்தத் துணியையும் வெட்டுனதில்லை. கட்டுன சேலையோட தாராபுரம் பஸ் ஏறி, அங்க மாறி, மூலனூரு போய் எறங்குறப்ப வெயில் உச்சிக்கு வந்திருச்சு.

ஆறுச்சாமி மண்டி வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. அறுவது வயசு இருக்கும். என்னைப் பாத்ததும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. "உங்ககிட்ட பேசி ஒரு மணி நேரங்கூட ஆகலீங்க. மண்டிக்கு வந்த எவனோ இவரைப் போட்டோ புடிச்சு நெட்டுல போட்டுட்டானாமுங்க, ரெண்டு காருல பசங்க வந்துட்டாங்க. அத்தனை பேரும் அந்தப் பனியன். நடிகருன்னு நெனச்சு சுத்தி நின்னு கத்துனாங்க. தன் மொகத்தையே பத்துப் பேரு மார்ல பாத்தா மனுசன் மெரள மாட்டாருங்களா? முருங்கக்காக் கட்டுகளைத் தாண்டி ஓடிப்போட்டாருங்க. நாலு பக்கமும் ஆளு உட்டிருக்கறனுங்க."

அவரு படுக்குற எடத்தைக் காட்டுனாரு. ரெண்டு சாக்கு, ஒரு சொம்பு. செவ்வாக்கிழமையே நான் கெளம்பியிருந்தா அந்தச் சாக்கு மேல அவரு உக்காந்திருப்பாரு. என் வாய்க்கு நான் என்ன செய்ய.

அங்கனயே உக்காந்திருக்கப்ப திருமூர்த்தி அண்ணன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டாரு. அந்தப் பசங்க எடுத்தது. அவரேதான். எளச்சு, தாடி வச்சு, முருங்கக்காய்க் கட்டுல முதுகை ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஒருத்தன் மைக்கை நீட்டி, "சார், படத்துல உங்க பேரு என்ன?"ங்கறான். அவரு ஒவ்வொரு பனியனாப் பாக்குறாரு. ரொம்ப நேரம் யோசிக்கிறாரு. "பேரு தெரியலையே. நான் சித்ராதேவி வீட்டுக்காரன். அவளைக் கொஞ்சம் கூப்புடுங்க"ங்கறாரு. பசங்க ஓன்னு கத்துறானுக. அவரு ஓடுறாரு, அதோட முடிஞ்சிருது.

ரெண்டு லட்சம் பேரு பாத்தாச்சு. கதாநாயகி பேரு வெளிய வந்திருச்சுன்னு கீழ ஒரே கொண்டாட்டம். யாரு அந்த சித்ராதேவி, பேயா, பொண்டாட்டியா, கொன்னவளான்னு ஆளுக்கொரு கதை.

எழுத்துக் கூட்டி நானும் அடிச்சுப் போட்டேன். "நான்தான் சித்ராதேவி. அவரு எந்தப் பக்கம் ஓடுனாரு?"

ஒரு நிமிசத்துல நானூறு பேருக்கு மேல அதுக்கு லைக் போட்டாக. எந்தப் பக்கம்னு ஒருத்தரும் சொல்லலை.