பெட்டரிக்கும் மூச்சு வேண்டும்

“இங்க வேலை தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையா?”

கொட்டகலையில் இருக்கும் தம்பையாவின் கராஜுக்கு முதன்முதலாக வந்த அன்று நல்லமுத்து கேட்ட கேள்வி இது. கேட்டது கிருஷாந்தியிடம். அவள் அப்போது ஒரு ஹைபிரிட் காரின் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டரியின் இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆரஞ்சு வயர்களில் மின்சாரம் அடங்கப் பத்து நிமிடம் வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில்கூட அவள் கை வைக்கமாட்டாள். அந்த நிதானத்தைப் பார்த்த நல்லமுத்துவுக்கு, வேலை தெரியாமல் விழிக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

“நான்தாங்க பாக்குறேன்,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

“நீயா? சரியாப் போச்சு!”

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் கிருஷாந்தி. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவள் கையில் ஒரு பெட்டரி கிடைத்தால் போதும், ஒவ்வொரு செல்லாக அளந்து, எது நோஞ்சான், எது இன்னும் உழைக்கும் என்று பிரித்து வைத்துவிடுவாள். ஆறு வருடமாகக் கண்ணால் பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் கற்ற வித்தை அது.

நல்லமுத்து வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுபவர். அவர் மனைவி ரத்னாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வியாழனும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காரில் இருந்த பழைய நிக்கல் பெட்டரியோ ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அதைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த, சீக்கிரம் சார்ஜ் ஏறும் லித்தியம் பெட்டரியை அதற்கேற்ற கட்டுப்பாட்டுப் பலகையோடு பொருத்தினாள் கிருஷாந்தி. தூசி அடைந்து கிடந்த பெட்டரியின் காற்றாடியையும் சுத்தம் செய்தாள்.

சாவியைக் கொடுக்கும்போது, “அண்ணே, பின் சீட்டு ஓரத்துல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு, அத மட்டும்…” என்று தொடங்கினாள். 

“பாப்பா, இருபத்திமூணு வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். எனக்கே பாடமா? சாவியக் குடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீதி வார்த்தைகளை அவள் விழுங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கார் பறந்தது. “ஏத்தத்துல லொறியவே முந்திட்டேன் மச்சான்!” என்று நல்லமுத்து கார் ஸ்டாண்டில் பெருமையடித்தார். நான்காவது செவ்வாய், நானுஓயாவுக்குக் கீழே ஒரு வளைவில் காரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கார் நின்றது. ரத்னாவைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, அவளுக்குரிய நேரத்தில் பாதி போயிருந்தது. மாலையில் திரும்பி வந்து பார்த்தால், கார் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

மறுநாள் காலை கராஜ் அதிர்ந்தது.

“பொம்பளப் புள்ளைய விட்டுக் கரண்டு வேலை பாத்தா இப்புடித்தான்! எம் பொஞ்சாதிக்கு ஒண்ணு ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது, மொதலாளி?”

தம்பையா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். “நாளையிலருந்து நீ பில் மேசையில உக்காரும்மா. இந்த வேலைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்,” என்றார்.

ஆறு வருட வித்தை ஒரே சொல்லில் முடிந்தது. கிருஷாந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் கேட்டது வேறு. “அண்ணே, நாளைக்கு வியாழக்கெழமை. அக்காவ எப்புடிக் கூட்டிட்டுப் போவீங்க? நானும் கூட வாறேன். பெட்டரி ஏன் மக்கர் பண்ணுதுன்னு பாக்கணும். மேசையில அப்புறமா உக்காருறேன், மொதலாளி.”

வேறு வண்டி கிடைக்காத நல்லமுத்து அரைமனதாகச் சம்மதித்தார். வியாழன் காலை அவள் பின் சீட்டில் ரத்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த சோதனைக் கருவியில் பெட்டரியின் சூடு தெரிந்தது. தலவாக்கலை தாண்டுவதற்குள் எண்கள் மளமளவென்று ஏறின. வெளியே பனிமூட்டம், பற்கள் கிட்டும் குளிர். உள்ளே பெட்டரி மட்டும் ஏன் கொதிக்கிறது? காற்றாடி அலறும் சத்தம் கேட்டது. ரத்னாவின் போர்வையை விலக்கிச் சீட்டு ஓரத்தில் கை விட்டாள். சல்லடை முழுக்கக் கம்பளித் துண்டு திணிக்கப்பட்டிருந்தது.

“அக்கா, இத யாரு வச்சது?”

“இவருதான். ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வாறப்ப ஒடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்கும். அந்த ஓட்டைகிட்ட சிலுசிலுன்னு இருக்குன்னு போன வாரம் சொன்னேன். வீட்டுக் கம்பளியக் கிழிச்சு அடைச்சிட்டாரு.”

நல்லமுத்து காரை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

“பெட்டரிக்கு இதுதாங்க மூக்கு,” என்றாள் கிருஷாந்தி. “இது வழியா காத்த இழுத்துத்தான் சூட்டத் தணிச்சிக்கும். அன்னைக்கே நான் விடாம சொல்லியிருக்கணும். நீங்க சாவியக் குடுன்னு அதட்டுனதும் பயந்துட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு அண்ணே.”

கம்பளியை உருவி ரத்னாவின் இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எண்கள் இறங்கின. நானுஓயா வளைவை கார் சத்தமில்லாமல் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ரத்னா புருஷனிடம் சொன்னாள்:

“காத்து வார வழிய அடைச்சீங்க, எம்மேல உள்ள பாசம். சரி. அந்தப் புள்ள வாய எதுக்குங்க அடைச்சீங்க? வண்டிய நிப்பாட்டுனது அந்த ரெண்டாவது அடைப்புதான்.”

அன்று மாலை நல்லமுத்து கராஜுக்குள் நேராக நடந்து வந்தார். கிருஷாந்தி சொன்னபடியே பில் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வேலையாட்களும் ஸ்டாண்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படியே அவர் பேசினார்.

“மொதலாளி, பெட்டரியிலயும் குத்தமில்ல, புள்ள வேலையிலயும் குத்தமில்ல. சொல்ல வந்தவள ‘சாவியக் குடு பாப்பா’ன்னு வெரட்டுன எம் புத்தியிலதான் குத்தம். சொல்றது பொம்பளையா, சின்னப் புள்ளையா, தோட்டத்து லயத்து ஆளான்னு பாக்கக் கூடாதுங்க. என்ன சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேக்கணும். கேட்டிருந்தா செவ்வாக்கெழம எம் பொஞ்சாதி அந்தப் பாடு பட்டிருக்கமாட்டா.”

அவர் கிருஷாந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதறி எழுந்து நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பையா அவள் முன்னால் கிடந்த பில் புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆணியில் தொங்கிய அவளுடைய ரப்பர் கையுறைகளை எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்தபடி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார்.