இரண்டு துளைகள்

சேமியா மெஷின் நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. கப்பலூர் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியை நம்பியிருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் அதோடு வேலை நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடாவிட்டால் மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டப்போவதாக முதலாளி ராமமூர்த்தி சொல்லிவிட்டார். துருக்கியில் ஓடித் தேய்ந்த அந்தப் பழைய மெஷினை இணையத்தில் தேடிப் பிடித்தவள் அலுவலகத்தில் இருந்த இந்துப்ரியாதான்.

"வீட்ல சௌராஷ்ட்ரா, வெளிய தமிழ், மெயில்ல இங்கிலீஷ். இன்னொரு பாஷை உனக்கு வராதாம்மா?" என்றார் ராமமூர்த்தி.

மெஷினை விற்ற துருக்கிக் கம்பெனி மூடிப்போயிருந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற கெமால் மட்டும், தினமும் பிற்பகலில் கால் மணி நேரம் வீடியோவில் வந்தார். துருக்கி மொழியைத் தவிர வேறு பாஷை தெரியாதவர். மொழிபெயர்க்கும் ஆப், பக்கத்து மாவு மில்லின் இரைச்சலில் அவர் சொன்ன வயரை ஒருநாள் பெரியப்பா ஆக்கியது, மறுநாள் மழை ஆக்கியது.

அதனால் அவனியாபுரத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் தினமும் காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். கைக்குப் பக்கத்தில் இருந்தால் 'பு'. பார் என்று சுட்டிக் காட்டினால் 'ஷு'. தள்ளி இருந்தால் 'ஓ'. பாடத்தில் பேனா, ஆப்பிள், பூனை எல்லாம் இருந்தன. மெஷினின் வயிற்றுக்குள் இருக்கும் எதுவும் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கன்ட்ரோல் பெட்டி திறந்திருந்தது. பழுதானதற்குப் பதிலாக வாங்கிய புது சென்சாரின் வயரைப் பிடித்தபடி ஃபிட்டர் வெங்கடேஷ்பாபு குந்தியிருந்தார். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். எதில் சொருகுவது?

"ஷு, ஷு" என்றார் கெமால். அவர் விரல் அவருடைய திரையைத் தொட வந்தது. இங்கே அது பெருத்து, போன் முழுதும் இருட்டாகிவிட்டது.

"விரலத்தான் காட்டுறாரு. எந்த ஓட்டைன்னு கேளு இந்து, காலு மரத்துப் போச்சு."

"இருங்கண்ணே." மேல் துளையில் டெஸ்டரை வைக்கச் சொன்னாள். "பு மு?" என்று கேட்டாள். இதுவா?

கெமால் புருவத்தைத் தூக்கி, தலையை ஒருமுறை மேலே உயர்த்தி, நாக்கால் 'ச்' என்றார்.

"தலைய ஆட்டிட்டாருல்ல, போடவா?"

இந்துப்ரியாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். புரிந்தது என்று காட்ட, நாமெல்லாம் செய்வதுபோலத் தலையை இரு பக்கமும் லேசாக அசைத்தாள். கெமாலின் முகம் தெளிந்தது. "தமாம்" என்று சிரித்தார். சரி என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும்.

வெங்கடேஷ்பாபு மேல் துளையில் சொருகி, சுவிட்சைப் போட்டார்.

சடக்கென்று ஒரு சத்தம். பெட்டிக்குள்ளிருந்து கருகிய நாற்றத்தோடு மெல்லிய புகை எழுந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

"ஹயிர்! ஹயிர்!" என்று போனில் கெமால் கத்தினார். முதல் பாடத்திலேயே வந்த சொல். இல்லை, வேண்டாம் என்பது. கத்தியபடியே மறுபடி புருவத்தைத் தூக்கினார், தலையை மேலே உயர்த்தினார், 'ச்' என்றார்.

அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலிலும் இந்தச் சைகையில் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அவள் தலையசைத்ததை, ஆமாம் அது இல்லைதான் என்று எடுத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறார்.

"கன்ட்ரோல் கார்டே போச்சு. இனி எங்க போயி வாங்குறது?" வெங்கடேஷ்பாபு வயரைக் கீழே போட்டார். "மொதலாளிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அவள் வாசலுக்கு வந்தாள். பாக்கெட் போடும் சோணையம்மாள் கேட்டருகே நின்றிருந்தாள். பதினோரு நாளும் இந்த நேரத்துக்கு வந்து விசாரிப்பவள். உள்ளே சத்தம் கேட்டிருக்கும்.

"சத்தம் வந்துச்சே தாயி, ஓடிருச்சா? நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாரவா?"

இந்துப்ரியா வாய் திறக்குமுன் தலை, கேட்டுக்கொண்டேன் என்பதுபோல, பழக்கத்தில் இரு பக்கமும் லேசாக அசைந்துவிட்டது.

"அப்பாடா" என்றாள் சோணையம்மாள். "இந்தா, அவளுகளுக்குப் போன் போட்டுர்றேன்." போனைக் காதில் வைத்தபடி ரோட்டைக் கடந்து, புறப்படத் தயாராக நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

"அக்கா, நில்லுங்க!" என்றாள் இந்துப்ரியா. மாவு மில்லின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.