முதல் கணவர் நன்றாகச் சாப்பிடுகிறார்

1

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். கேட்டது ஒரு லிஃப்டுக்குள். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் சுவரிலிருந்த துளைகள் வழியாக ஓர் ஆண்குரல் வந்தது.

"பதறாதீங்க சார். மெக்கானிக் கிளம்பிட்டாரு. அவரு வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

லிஃப்ட் கம்பெனியின் மேலாளராம். நான் பதில் பேசவில்லை. எனக்கு மௌனம் பிடிக்கும், மாட்டிக்கொண்ட இடத்திலும். ஆனால் பேசாமல் இருப்பவன் மயங்கிவிட்டான் என்பது அந்தக் கம்பெனியின் கணக்கு போலிருக்கிறது. என்னைத் தெளிய வைக்க அவர் ஒரு கதையை எடுத்தார். "என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு நடந்தது சார்..."

நண்பருக்கு நடந்தது என்று ஆரம்பிக்கும் கதைகளில் நண்பர் இருப்பதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே இதில் பாதி அவர் சொன்னது, கால்வாசி என் வியர்வை, மீதி இப்போது மேசையில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டுவது. எது எது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அமைதியான கடற்கரை, வெண்மணல், தென்றல்—' அடித்துவிட்டேன். இதை விடுதிக்காரர்கள் ஏற்கெனவே எழுதி அச்சடித்துவிட்டார்கள்.

இரண்டாம் முயற்சி: 'அலைகள் அவளுடைய மனதைப் போலவே—' கூடாது. இந்தக் கதையில் அலை யாருடைய மனதைப் போலவும் இருக்காது. அலை அலையைப் போல இருக்கும்.

மூன்றாவது: மனைவி வீட்டை விட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

இதுதான் விஷயம். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டும் வித்தையெல்லாம் வேண்டாம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்தாயிற்று, ஒன்றாம் தேதி போகிறேன் என்றாள். சண்டையில்லை, அழுகையில்லை. வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல்.

கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நாலு நாள் எங்கயாவது போயிட்டு வருவோம். அதுக்கப்புறம் முடிவு பண்ணு," என்றார்.

"சரிங்க," என்றாள்.

(கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதிக்கொண்டு போகிறேன். மாற்றினால் நீங்கள் குழம்பிவிடுவீர்கள் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன்.)

கடற்கரை விடுதி. பெரியவர்களுக்கு மட்டும். சாப்பாடு, குடி, படகு, துண்டு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதைப் போல மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் எதுவும் கிடைக்கும்.

[எல்லாம் கிடைக்கும் இடத்தில் கதை எழுதுவது கஷ்டம். பில் வராது, பிள்ளை அழாது, குழம்பில் உப்பு கூடினால் யாரோ ஒரு சமையல்காரரின் பாடு. அந்தத் தம்பதி இத்தனை வருடமாக எதையெல்லாம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களோ, அதெல்லாம் விடுதி வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.]

3

அறையைப் பதிவு செய்யும்போது ஒரு கட்டம் வந்தது: 'புதுமணத் தம்பதியா?' டிக் அடித்தால் கடல் பார்த்த அறையும் ஒரு கேக்கும் இலவசம்.

போகப்போகிற மனைவியைத் தடுத்து நிறுத்தக் கிளம்பிய மனிதர் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் ஒரு மடக்கு ருசி பார்க்கிற வம்சம்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் இதை நான் இட்டுக்கட்டவில்லை. அவ்வளவு திறமை எனக்குக் கிடையாது.

வரவேற்பறைப் பெண் இருவருடைய நரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "செகண்ட் மேரேஜா சார்?"

"ஆ... ஆமாம்மா."

மனைவி பட்டை கட்டுவதற்குக் கையை நீட்டினாள்.

4

மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்களோடு ஓய்வுபெற்ற பல் டாக்டரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். விஷயம் வரவேற்பறையிலிருந்து அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கணவர் தன்னைப் பம்பு செட் வியாபாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒரு பொய் சொன்னவருக்கு அடுத்தது இலவசம்.

டாக்டர் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "உங்க முதல் வீட்டுக்காரர் தவறிட்டாராம்மா?"

"ஐயோ, இல்லீங்க. இருக்காரு. நல்லா சாப்பிடுறாரு."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பின்ன ஏம்மா? குடியா?"

"சேச்சே. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. லிஃப்ட் கம்பெனில வேலை அவருக்கு. யாராவது உள்ள மாட்டிக்கிட்டா போன்ல பேசுவாரு பாருங்க, அவ்வளவு அன்பா இருக்கும். பதறாதீங்க, நான் இருக்கேன்னு. பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். நாமளும் ஒரு தடவை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா தேவலன்னு தோணும்."

டாக்டர் சிரித்தார். சிரித்தவர் கணவரின் முதுகில் தட்டினார். "அந்த ஆளு ஒரு மடையன் சார். என்ன சொல்றீங்க?"

"ஆமா சார். மடையன்தான்."

"சும்மா சொல்லக்கூடாது, வடிகட்டின மடையன்!"

"இல்ல... அவருக்கும் வேலை டென்ஷன் இருந்திருக்கும்ல சார். பாவம்."

டாக்டர் மனைவி மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? மூத்தவருக்கே பரிஞ்சு பேசுறாரு. என்ன ஒரு மனசு! நீங்களும் இருக்கீங்களே."

அதற்குப் பிறகு வேளைக்கு வேளை முதல் கணவர் மேசைக்கு வந்தார். அவருடைய குறட்டை வந்தது. மனைவிக்குக் காய்ச்சல் என்றதும் "அப்ப ராத்திரி சாப்பாடு?" என்று அவர் கேட்டது வந்தது. ஒவ்வொன்றையும் அவள் கோபமில்லாமல், போன ஊரின் வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டாம் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முதலாமவர் மேல் அவருக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. அதைவிட, பொறாமை. இத்தனை வருடம் ஒருத்தி இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாளே அந்த ஆளை!

5

ஆள் மாறிவிட்டார். கடலிலிருந்து அவள் ஏறி வரும்போது துண்டோடு நின்றார். மீனில் முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்தார். "என்ன புக்கு படிக்கிற?" என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அவள் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். அவள் விளையாடுகிறாளா, பழிவாங்குகிறாளா, அல்லது நிஜமாகவே இந்தப் புது மனிதரை எடைபோட்டுப் பார்க்கிறாளா? லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. கதாசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஒரு பிற்பகல் அறையில், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் அவர் கேட்டார்: "அவரு அவ்வளவு மோசமாவா இருந்தாரு?"

"மோசமெல்லாம் இல்லீங்க. மோசமா இருந்திருந்தா அப்பவே கிளம்பியிருப்பேன்."

"நான் எப்படி?"

"நீங்க வந்து மூணு நாள்தானே ஆகுது? மூணு நாளைக்கு எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."

பிறகு இருவரும் வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து, வெளிச்சம் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் மௌனத்தின் கட்சி. ஆனாலும் சொல்கிறேன்: நிறைந்த மௌனத்துக்கும் தேதி குறித்துவிட்ட மௌனத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

6

முடிவு, முதல் வரைவு: கடைசி மாலை. சூரியன், வேறென்ன செய்யும், மறைகிறது. கணவர் மேசையிலிருந்து எழுகிறார். "டாக்டர், அந்த மடையன் நான்தான்." டாக்டர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மனைவி எட்டி அவருடைய கையைப்— எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் வரைவு: வசனமே இல்லாமல் மனைவி வேறொரு காரில் ஏறிப் போகிறாள். பரிசு வாங்கித் தரும் முடிவு. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரே வீட்டுக்குப் போக எதற்கு இரண்டு கார் என்று கேட்பவள்.

லிஃப்ட்காரர் சொன்னபடி: பட்டைகளை வெட்டி எறிந்துவிட்டுக் கிளம்பினார்கள். கார் பிரதான சாலைக்குத் திரும்பியது. அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, ஏதோ சொல்ல வந்தவளைப் போல, "என்னங்க..." என்றாள். அதே நேரத்தில் அவரும் பேசிவிட்டார்.

["பாத்தியா, ஒரே ஒரு டிக்கு! கடல் பார்த்த ரூமு, கேக்கு, அத்தனையும் ஓசி. நாலு நாளும் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. நல்லா ஏமாத்திட்டோம்ல?"]

"யாரை?" என்றாள்.

முகத்தை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் ஃப்ரெண்டு சொன்னதுல என்ன சார் தப்பு? உண்மையைத்தானே சொன்னான்?" என்று துளைகள் வழியாகக் குரல் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் வந்து கதவை இழுத்துத் திறந்துவிட்டார்.

சதுர அடைப்புக்குள் இருக்கும் அந்தப் பேச்சை என்னால் அடித்துவிட முடியும். அடித்தால், அவள் சொல்ல வந்தது வெளியே வந்திருக்கும். பல நாள் பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனம் வரவில்லை. வேண்டுமானால் அதைப் படிக்காமல் தாண்டிப் போங்கள். உங்களுக்கு வேறு கதை கிடைக்கும். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

7

பிறகொரு நாள் பராமரிப்புக்கு வந்த மெக்கானிக்கிடம் விசாரித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது; நண்பர் என்ற பேச்சே எடுக்கவில்லை.

ஒன்றாம் தேதி அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். விவாகரத்து கேட்கவில்லை. அவர் பழைய வீட்டிலேயே இருக்கிறார், சமைக்க ஆள் வைத்துக்கொண்டு. மகள் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்கிறாள். பல் டாக்டர் தம்பதி என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மகள் ஊருக்கு வந்தபோது, பழைய வீட்டுக் கூடத்தில் இருவரும் ஒருமுறை சந்தித்தார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள். "இருக்கேன்," என்றார்.

திருப்பிக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.