சிவப்பு இல்லாத இடம்

மச்சானுடைய சாயப்பட்டறைக்குப் பூட்டு விழுவதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று லோடுமேன் வைராக்கியமாக இருந்தான். பட்டறைக் கழிவு இறங்கித்தான் அவன் கிணறு கெட்டது. எலுமிச்சை மரங்கள் நின்ற வாக்கிலேயே கருகின. அந்தத் தண்ணீரில் துணி அலசி அலசி மனைவியின் கைகள் வெடித்துப் போயின. நியாயம் கேட்கப் போனவனிடம், அவளுடைய கூடப்பிறந்த அண்ணனான அந்த மச்சான், வேலையாட்கள் எதிரிலேயே சிரித்தார்.

"மழையில்லாம மரம் காஞ்சா அதுக்கும் நானா மாப்ள? போய் மூட்டையைத் தூக்கு."

அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சுற்றுச்சூழல் சங்கத்தில் செயற்கைக்கோள் படம் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வேலை முடிந்த கையோடு வியர்வைச் சட்டையுடனே போய் உட்கார்ந்தான். ஸ்கூட்டர் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு புழுக்கமான அறை. திரையில் அவர்கள் பகுதியின் படம் வந்தது. எங்கு பார்த்தாலும் ரத்தச் சிவப்பு. அவன் துள்ளி எழுந்தான்.

"பாத்தீங்களா டீச்சர்! ஊரு பூரா சாயத்தைக் கொட்டியிருக்கான் பாவி!"

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் அடக்க முடியவில்லை.

"உக்காருங்கண்ணே. இதுல சிவப்புன்னா பச்சை. நல்லா இருக்கிற இலை, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் சிவப்பா காட்டுறோம். செடி செத்தா சிவப்பும் போயிடும்."

"அப்ப இவ்வளவு நேரமும் அடுத்தவன் தோப்பையா திட்டிட்டு இருந்தேன்?"

அன்றிலிருந்து சிவப்பு இல்லாத இடத்தைத் தேடினான். காய்த்துப் போன விரலுக்கு மவுஸ் அடங்கவில்லை. படம் ஓடி ஓடிக் கடலில் போய் விழுந்தது. வைதுகொண்டே திரும்ப இழுத்து வந்தான். கடைசியில் அகப்பட்டது: பட்டறையின் பின்சுவரிலிருந்து சாம்பலாக ஒரு பட்டை. பழைய வருடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு வருடத்துப் படமாகத் திறக்கத் திறக்க, அது நீண்டு வந்து அவன் கிணற்றைத் தொட்டது. அதே மழையை நம்பியிருந்த இருபுறத்துத் தோட்டங்களும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"படம் இடத்தைத்தான் காட்டும்ணே. காரணத்தை மண்ணும் தண்ணியும்தான் சொல்லணும்" என்றார் டீச்சர்.

பட்டை போன வழியே நடந்து மண்ணும் தண்ணீரும் எடுத்தார்கள். டிரோனைப் பறக்கவிட்டார்கள், புதருக்குள் ஒளித்திருந்த குழாய் வாய் தெரிந்தது. பரிசோதனையில் சாயக் கழிவு என்றே வந்தது. மனு போனது, அதிகாரிகள் வந்து பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். லோடுமேன் எதிர்ப்பக்கம் நின்று, அரக்கு ஆறும்வரை ஆசை தீரப் பார்த்தான்.

மறுநாளே மச்சான் வீடு தேடி வந்தார்.

"ஒரே குடும்பம் மாப்ள. மனுவை வாபஸ் வாங்கிக்க."

"மழை பெய்யட்டும் மச்சான். பட்டறை தானா தொறந்துக்கும்."

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. விருட்டென்று எழுந்தார். "இது போனா என்னடா? மலைக்கு அந்தப் பக்கம் இடம் பாத்துட்டேன். அங்க வந்து என்னத்தைக் கிழிப்பே?"

கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள்.

"எந்த இடம்ணா? கொஞ்சம் அடையாளம் சொல்லிட்டுப் போங்க. இவரு படத்துல தேடுற வேலையாவது மிச்சமாகும்."