எல்லாரும் இறங்கிய மாடி

பழைய புத்தகக் கடையின் தரையில் என் கடைக்குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தொடையில் தடிப் புத்தகம், இன்னொன்றில் ஒல்லி. இரண்டும் உயிர்வேதியியல். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை மற்றதிலெல்லாம் தேறி, இதில் மட்டும் கவிழ்ந்துவிட்டாள். மறுதேர்விலும் கவிழ்ந்தால் கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். இவளுக்கு மறுபடியும் முதல் வருடம்.

தடியைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். யாரோ ஒரு மாணவன் அதைக் கட்டிலில் வைக்க, கட்டில் கீழ்வீட்டுக்குப் போய்விட்டதாம். கீழ்வீட்டுக்காரர் நல்ல மனிதர், கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புத்தகத்தைத் தூக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

"எது வேணும் பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"ஒல்லில புரியல. தடில முடியல."

"ரெண்டையும் எடுத்துக்கோ. தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு வெச்சுத் தூங்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. "ஒல்லிய வெச்சு எழுதிடலாம்ப்பா. நேர்ல உக்கார வெச்சு 'ஏன்?'னு கேட்டா முழிப்பேன். நீங்களே சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்ல? ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். பெட்டி பாதியில் நின்றால் காரணம் சொல்வேன். உடம்புக்குள் சர்க்கரை எரிகிற கதையில் என் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பழைய கட்டடத்துக்குப் போனால் நாங்கள் முதலில் பட்டன்களைத்தான் பார்ப்போம். எது தேய்ந்திருக்கிறதோ, அந்த மாடிக்குத்தான் ஆட்கள் போகிறார்கள். தடியின் ஓரத்தைப் பார்த்தேன். முன்பகுதி கைபட்டுக் கறுத்திருந்தது. அப்புறம் வெள்ளை வெளேர். அலமாரியிலிருந்த மற்ற தடிகளையும் உருவினேன். எல்லாம் ஒரே இடத்தில் வெளுத்திருந்தன. அத்தனை பேரும் ஒரே மாடியில் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

"நூலகத்துப் புக்குல நானும் அங்கதான்ப்பா நின்னேன்" என்றாள்.

தடியைத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். நான் கருவிப் பெட்டியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தேன். கட்டைவிரலில் தொட்டு, வெள்ளையாக இருந்த பக்கங்களின் ஓரத்தில் கடைசிவரை ஒற்றினேன். எவனோ ஒருத்தன் உச்சி மாடிவரை போயிருக்கிறான் என்று இருக்கட்டுமே. அளவாகத்தான் ஒற்றினேன்; சுமாராகப் படிக்கிற பையன் என்று வைத்துக்கொண்டேன்.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். நேராக அந்த இடத்தைத்தான் பிரித்தாள்.

"கடைல இது வெள்ளையால்ல இருந்துச்சு?"

"அங்க வெளிச்சம் கம்மி."

மூக்கருகே கொண்டுபோனாள். "கிரீஸ் வாசனை வருதே."

"எலும்பு டாக்டரா இருப்பான். மூட்டுக்குப் போட்டிருப்பான்."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் கறையின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். சின்ன விரல். அதைச் சுற்றி என் ரேகை கறுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கம் இன்னும் புரளவில்லை.